தலை வலிக்காமலே ஒற்றைத் தலைவலி வருமா?

கேள்வி:

எனக்கு 44 வயது. தென்காசிப் பக்கம் பள்ளி ஆசிரியையாக வேலை பார்க்கிறேன். மூன்று வருடமாக மாதத்தில் மூன்று, நான்கு முறை தலை சுற்றுகிறது. வீடே ஊஞ்சல் மாதிரி ஆடும். சில நாள் இரண்டு மணி நேரத்தில் விட்டுவிடும். சில நாள் மறுநாள் வரை படுக்கையை விட்டு எழ முடியாது. குமட்டும், வாந்தியும் வரும். அந்த நேரத்தில் மிக்ஸி சத்தத்தைத் தாங்க முடியாது, வெளிச்சமும் ஆகாது. ஜன்னலைச் சாத்திவிட்டு இருட்டில் கிடப்பேன். கழுத்து எலும்பு தேய்மானம் என்றார்கள், ஆறு மாதம் காலர் போட்டேன். காது டாக்டர் காது நன்றாகக் கேட்கிறது என்றார். மூளைக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தோம், அதிலும் ஒன்றுமில்லை. இரண்டு வருடமாக சின்னரிசின் மாத்திரையை மூன்று வேளையும் போடுகிறேன். கடைசியாகப் பார்த்த டாக்டர் இது மைக்ரேனாக இருக்கலாம் என்கிறார். இருபது வயதில் எனக்கு ஒற்றைத் தலைவலி இருந்தது உண்மைதான், அம்மாவுக்கும் உண்டு. ஆனால் முப்பத்தைந்துக்கு மேல் அது வரவே இல்லை. இப்போது எப்போதாவது பின்மண்டையும் கழுத்தும் கனக்கும், அவ்வளவுதான். தலை வலிக்காமல் மைக்ரேன் எப்படி வரும்? ஸ்கேன் நார்மல் என்றதும் வீட்டுக்காரர் "எல்லாம் உன் மனசுதான்" என்று சொல்லிவிட்டார். என் பதினான்கு வயது மகளுக்கும் பஸ் ஏறினாலே வாந்தி வருகிறது. அவளுக்கும் இது வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசியாகப் பார்த்த மருத்துவர் சொன்னதுதான் சரியாக இருக்க வாய்ப்பு அதிகம். நேரில் பார்க்காமல் முடிவு சொல்லக் கூடாது என்பதால் 'வாய்ப்பு' என்ற சொல்லோடு நிறுத்திக்கொள்கிறேன். ஆனாலும் இந்த நோயைக் கண்டுபிடிக்க ஒரு மருத்துவர் கேட்க வேண்டிய கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. இதன் பெயர் வெஸ்டிபுலர் மைக்ரேன். தலைசுற்றலாக வெளிப்படும் ஒற்றைத் தலைவலி என்று சொல்லலாம்.

'ஒற்றைத் தலைவலி' என்ற நம்முடைய பெயரே இங்கே குழப்பத்தை உண்டாக்குகிறது. பெயரிலேயே வலி இருப்பதால், வலி இல்லையென்றால் நோயும் இல்லை என்று நினைத்துவிடுகிறோம். மைக்ரேன் என்பது மூளையின் ஒரு சுபாவம். வெளிச்சம், சத்தம், வாசனை, அசைவு என்று வெளியிலிருந்து வருவதை மற்றவர்களின் மூளை ஓரளவுக்கு மட்டுப்படுத்திக்கொள்ளும். மைக்ரேன் உள்ளவரின் மூளை அவ்வளவு எளிதில் மட்டுப்படுத்துவதில்லை. அந்த மூளை அவ்வப்போது கொந்தளிக்கும். கொந்தளிப்பு வலிப் பாதையில் போனால் தலை வலிக்கும். பார்வைப் பகுதியில் போனால் கண்முன் மின்னல் கோடுகள் ஓடும். உடலின் சமநிலையைக் காக்கும் பாதையில் போனால் வீடு ஊஞ்சலாடும். உங்களுக்கு இருபது வயதில் முதல் வழியில் வந்தது. இப்போது மூன்றாவது வழியில் வருகிறது.

இது அபூர்வமும் அல்ல. ஜெர்மனியில் பொதுமக்களிடம் எடுத்த கணக்கில் ஏறக்குறைய நூறு பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒரு கட்டத்தில் இது வந்திருந்தது. பெண்களுக்குத்தான் அதிகம். இளம் வயதில் தலைவலி, பிறகு சில வருடங்கள் அமைதி, நாற்பதை ஒட்டி மாதவிலக்கு ஒழுங்கு தவறத் தொடங்கும்போது தலைசுற்றல் என்ற இந்த வரிசையை என் அறையில் எத்தனையோ பெண்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஈஸ்ட்ரோஜன் அளவு ஏறி இறங்கும் அந்தப் பருவம் மைக்ரேன் மூளைக்குச் சிரமமான காலம். உங்கள் மாதவிலக்கைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. தலை சுற்றும் நாட்கள் அந்தத் தேதிகளை ஒட்டி வருகின்றனவா என்று பாருங்கள்.

உங்களுக்கு ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நான் பயிற்சி முடித்து வந்த புதிதில், உங்களைப் போலவே ஒரு அம்மா வந்தார். தலை சுற்றுகிறது, கழுத்து பிடிக்கிறது என்றார். எக்ஸ்ரே எடுத்தேன், கழுத்தெலும்பில் தேய்மானம் தெரிந்தது, காலர் எழுதிக் கொடுத்தேன். முன்பு எப்போதாவது ஒற்றைத் தலைவலி இருந்ததா என்று நான் கேட்கவே இல்லை. எட்டு வருடம் கழித்து வேறொரு காரணத்துக்காக மறுபடி வந்தார். அதே தலைசுற்றல், பீரோவில் மூன்று காலர்கள். அன்றைக்குத்தான் உட்கார்ந்து முழுக் கதையையும் கேட்டேன். பதினெட்டு வயதிலிருந்து அவருக்கு மைக்ரேன் இருந்திருக்கிறது. அந்த எட்டு வருடத்துக்கு நான் பொறுப்பு. அதற்குப் பிறகு, தலைசுற்றல் என்று வரும் யாரிடமும் பழைய தலைவலியைப் பற்றிக் கேட்காமல் நான் விடுவதில்லை.

கழுத்து விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் ஊரில் இந்தத் தவறு நாள்தோறும் நடக்கிறது. நாற்பதைத் தாண்டிய பலருடைய கழுத்தை எக்ஸ்ரே எடுத்தால் கொஞ்சம் தேய்மானம் தெரியத்தான் செய்யும். முடி நரைப்பது போலத்தான் அதுவும். தலைசுற்றலுக்கு அது காரணமாக இருப்பது மிகக் குறைவு. அப்படியானால் உங்கள் கழுத்தும் பின்மண்டையும் ஏன் கனக்கின்றன? முகத்துக்கும் தலைக்கும் உணர்வைக் கொண்டுபோகும் ஐந்தாம் மூளை நரம்பும், கழுத்தின் மேல்பகுதி நரம்புகளும் மூளைத்தண்டிலும் அதை ஒட்டிய மேல் தண்டுவடத்திலும் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. அதனால் மைக்ரேன் கிளம்பும்போது கழுத்து பிடிப்பது மிகச் சாதாரணம். கழுத்திலிருந்து தலைசுற்றல் வருவதாக நினைத்தார்கள். இரண்டுமே மைக்ரேனிலிருந்து வருகின்றன. காலரைக் கழற்றி வைத்துவிடுங்கள். மாதக்கணக்கில் போட்டால் கழுத்துத் தசைகள் பலவீனமாவதுதான் மிச்சம்.

அந்த ஐந்தாம் நரம்பின் மையத்துக்குப் பக்கத்திலேயே சமநிலைக்கான மையங்களும் இருக்கின்றன. உட்காதில் மூன்று அரைவட்டக் குழாய்களும் இரண்டு சின்னப் பைகளும் உண்டு. தலை எந்தப் பக்கம் திரும்புகிறது, எவ்வளவு வேகத்தில் அசைகிறது என்று அவை ஓயாமல் தகவல் அனுப்பிக்கொண்டிருக்கும். அந்தத் தகவல் போய்ச் சேருவது இந்த மையங்களுக்குத்தான். வலி மையமும் சமநிலை மையமும் ஒன்றோடொன்று இணைந்திருக்கின்றன. வாந்தியைத் தூண்டும் பகுதியும் அருகிலேயே இருக்கிறது. உட்காதின் ரத்தக் குழாய்களுக்கும் ஐந்தாம் நரம்பின் கிளைகள் போகின்றன. மைக்ரேன் நேரத்தில் அந்த நரம்பு முனைகளிலிருந்து சுரக்கும் ரசாயனங்கள் காதையும் தொந்தரவு செய்யலாம் என்று கருதப்படுகிறது. ஒரு இடத்தில் கிளம்பும் கொந்தளிப்பு அடுத்த இடத்துக்குப் பரவ இவ்வளவு வழிகள் இருக்கும்போது, தலைசுற்றலும் மைக்ரேனும் சேர்ந்து வருவதில் ஆச்சரியம் இல்லை. எம்.ஆர்.ஐ. மூளையின் அமைப்பைத்தான் காட்டும். உங்கள் மூளையின் அமைப்பு நன்றாக இருக்கிறது. தாக்குதல் நேரத்தில் அது வேலை செய்யும் விதம்தான் மாறுகிறது, அந்தப் படத்தில் அது பதிவாகாது.

மருத்துவர்கள் இதைத் தவறவிட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1873லேயே எட்வர்ட் லிவிங் என்ற ஆங்கிலேய மருத்துவர், ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்குத் தலைசுற்றலும் வருவதை எழுதி வைத்தார். ஆனாலும் இதற்கென்று எல்லோரும் ஒப்புக்கொண்ட வரையறை 2012இல்தான் வந்தது. பாரனி சங்கமும் சர்வதேசத் தலைவலிச் சங்கமும் சேர்ந்து அதை உருவாக்கின. சமநிலை உறுப்பைப் பற்றிய ஆய்வுக்காக 1914ஆம் ஆண்டின் நோபல் பரிசு பெற்ற ராபர்ட் பாரனியின் பெயரில் உள்ள சங்கம் அது. அதற்கு முன் படித்து வந்த எங்களில் பலருக்குப் பாடத்தில் இந்த நோய் தனியாக இல்லவே இல்லை.

அந்த வரையறையை உங்கள் கடிதத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். குறைந்தது ஐந்து முறை தலைசுற்றல் வந்திருக்க வேண்டும். அன்றாட வேலையைக் கெடுக்கும் அளவுக்கு இருக்க வேண்டும். ஒவ்வொன்றும் 5 நிமிடத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் நீடிக்க வேண்டும். இதெல்லாம் உங்களுக்குப் பொருந்துகிறது. இப்போதோ முன்போ மைக்ரேன் இருந்திருக்க வேண்டும். 'முன்போ' என்ற அந்தச் சொல் உங்களுக்காகவே எழுதியது போல இருக்கிறது. அப்புறம், பாதித் தாக்குதல்களிலாவது மைக்ரேனின் அடையாளம் ஒன்று கூடவே வர வேண்டும். தலைவலியாக இருக்கலாம், கண்முன் மின்னும் கோடுகளாக இருக்கலாம், அல்லது வெளிச்சமும் சத்தமும் இரண்டுமே தாங்க முடியாமல் போவதாக இருக்கலாம். நீங்கள் ஜன்னலைச் சாத்துவதும் மிக்ஸியை நிறுத்தச் சொல்வதும் அந்த மூன்றாவது அடையாளம். தலைவலி வந்தே தீர வேண்டும் என்று எங்கும் இல்லை. கடைசி நிபந்தனை, வேறு நோய் இதற்குக் காரணமாக இருக்கக் கூடாது. காது பரிசோதனையும் ஸ்கேனும் அதற்குத்தான் உதவின. அவை வீண் செலவு இல்லை.

அந்த வேறு நோய்களில் இரண்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். படுக்கையில் புரளும்போதோ, பரணைப் பார்க்க அண்ணாந்தாலோ ஒரு நிமிடத்துக்கும் குறைவாகச் சுழற்றிவிட்டு நின்றுவிடும் தலைசுற்றல் ஒன்று உண்டு. உட்காதில் இருக்கும் சுண்ணாம்புத் துகள்கள் இடம் பெயர்ந்து அரைவட்டக் குழாய்க்குள் விழுவதால் வருவது. அதற்கு மாத்திரை வேண்டாம். தலையைக் குறிப்பிட்ட முறையில் திருப்பிப் படுக்க வைத்து, துகளை அதன் இடத்துக்கே கொண்டுபோகும் எப்லி முறை சில நிமிட வேலைதான். மைக்ரேன் உள்ளவர்களுக்கு இதுவும் சற்று அதிகமாகவே வருகிறது. ஆகவே உங்கள் தலைசுற்றல்களில் எல்லாமே மணிக்கணக்கில் நீடிப்பவையா, இடையிடையே நொடிக்கணக்கில் வந்துபோவதும் உண்டா என்று கவனியுங்கள். இன்னொன்று மெனியர் நோய். அதில் காது அடைத்து, இரைச்சல் வந்து, கேட்கும் திறன் ஏறி இறங்கி, வருடங்கள் போகப் போகக் குறையும். உங்களுக்குக் காது நன்றாகக் கேட்கிறது. ஆனாலும் வருடத்துக்கு ஒருமுறை கேட்கும் திறனைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஆரம்பத்தில் மெனியர் நோயும் வெஸ்டிபுலர் மைக்ரேனும் ஒன்றைப் போலவே இருக்கும்.

மருத்துவரிடம் போகும்போது 'மயக்கமாக வருகிறது' என்று சொல்லாதீர்கள். நம் பேச்சில் மயக்கம் என்றால் நினைவிழந்து விழுவதும் மயக்கம், தலை சுற்றுவதும் மயக்கம், கண் இருட்டுவதும் மயக்கம். 'கிறுகிறு என்று வருது' என்பார்கள், 'பித்தம் தலைக்கேறிடுச்சு' என்பார்கள். கேட்கும் மருத்துவர் ரத்தச் சோகை, பி.பி. குறைவு என்று வேறு திசையில் போய்விடுவார். உங்கள் கடிதத்தில் 'வீடே ஊஞ்சல் மாதிரி ஆடும்' என்று எழுதியிருக்கிறீர்களே, அப்படியே சொல்லுங்கள். என்ன ஆடுகிறது, எவ்வளவு நேரம் ஆடுகிறது, கூட என்ன வருகிறது என்ற மூன்றும் தெரிந்தால் நோயைப் பாதி கண்டுபிடித்த மாதிரி.

இப்போது மாத்திரைக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்த வரி, சின்னரிசின் இரண்டு வருடமாக மூன்று வேளை என்பதுதான். தலைசுற்றலை அமுக்கும் மாத்திரைகள் தாக்குதல் நடக்கும் ஓரிரு நாளுக்கானவை. தினமும் போட்டால் சமநிலை மையங்கள் மந்தமாகி, மூளை தானாகச் சரிசெய்துகொள்ளும் வேலை தாமதமாகும். அதைவிட முக்கியமானது இன்னொன்று. சின்னரிசினும், அதைப் போலவே தலைசுற்றலுக்குக் கொடுக்கும் புரோகுளோர்பெரசினும் நீண்ட காலம் உள்ளே போனால் சிலருக்குக் கை நடுக்கம், நடை மெதுவாவது, முகத்தில் உணர்ச்சி குறைவது என்று பார்க்கின்சன் நோயைப் போன்ற அறிகுறிகளைக் கொண்டுவரும். வயதானவர்களுக்கு அந்த ஆபத்து அதிகம். உங்கள் கையெழுத்து முன்பைவிடச் சிறுத்திருக்கிறதா? கரும்பலகையில் எழுதும்போது கை தயங்குகிறதா? இருந்தால் உடனே சொல்லுங்கள், மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகும். மைக்ரேனைத் தடுக்கவும் சில இடங்களில் சின்னரிசின் கொடுக்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் இரண்டு வருடம் போட்டும் மாதம் நான்கு முறை தலை சுற்றுகிறது என்றால் அது உங்களுக்கு வேலை செய்யவில்லை. இதைப் படித்துவிட்டு நீங்களாக நிறுத்த வேண்டாம். இந்த வாரமே மருத்துவரிடம் போய் இதைப் பேசுங்கள்.

தாக்குதல் வரும்போது நீங்கள் ஏற்கெனவே செய்வது சரிதான், இருட்டு அறையும் அமைதியும்தான் முதல் மருந்து. குமட்டலுக்கான மருந்தை, மருத்துவர் எழுதிக் கொடுத்த அளவில், ஆரம்பத்திலேயே போட்டுக்கொள்ளுங்கள். வாந்தி தொடங்கிவிட்டால் மாத்திரை உள்ளே நிற்காது. தலைவலிக்கு நன்றாக வேலை செய்யும் டிரிப்டான் வகை மருந்துகள் தலைசுற்றலை நிறுத்துவதில் அவ்வளவு கைகொடுப்பதில்லை. ரிசாட்ரிப்டானை வைத்து நடந்த ஆய்வில் மருந்தே இல்லாத வெற்று மாத்திரையை விட அது மேலாக இருக்கவில்லை. பின்மண்டை கனத்துக்கு அடிக்கடி வலி மாத்திரை போடும் பழக்கம் இருந்தால் அதையும் எண்ணிப் பாருங்கள். சாதாரண வலி மாத்திரை மாதத்தில் 15 நாள், கலவை மாத்திரை 10 நாள் என்று மாதக்கணக்கில் போனால் மாத்திரையே தலைவலியை உண்டாக்கத் தொடங்கும்.

மாதம் நான்கு தாக்குதல், அதுவும் படுக்கையில் தள்ளும் தாக்குதல் என்றால், வராமல் தடுக்கும் மருந்தைத் தொடங்குவது நியாயம் என்பது என் கருத்து. புரோப்ரனலால், அமிட்ரிப்டிலின், புளுனரிசின், டோபிரமேட், வென்லாபாக்சின் ஆகியவற்றில் உங்களுக்குப் பொருந்தும் ஒன்றை மருத்துவர் தேர்ந்தெடுப்பார். ஆஸ்துமா இருந்தால் புரோப்ரனலால் கூடாது. தூக்கமும் சரியில்லை என்றால் இரவில் சிறிய அளவு அமிட்ரிப்டிலின் இரண்டுக்கும் உதவும், வாய் மட்டும் கொஞ்சம் உலரும். புளுனரிசின் சின்னரிசினின் உறவுக்கார மருந்து. இரண்டு வருடம் அதைப் போட்ட உங்களுக்கு நானாக இருந்தால் இதைக் கடைசியில்தான் யோசிப்பேன். டோபிரமேட் விரல் நுனியை மரத்துப்போகச் செய்யும், சிறுநீரகக் கல் வந்தவர்களுக்கு ஆகாது, கர்ப்பமாகும் வாய்ப்பு இருந்தால் கூடவே கூடாது. இந்த மருந்துகளெல்லாம் தலைவலிக்காகச் சோதிக்கப்பட்ட அளவுக்குத் தலைசுற்றலுக்காகச் சோதிக்கப்படவில்லை என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இருந்தும் நடைமுறையில் பலருக்குத் தாக்குதல்கள் பாதியாகக் குறைவதைப் பார்க்கிறேன். எந்த மருந்தானாலும் சிறிய அளவில் தொடங்கி, மெதுவாகக் கூட்டி, இரண்டு மாதமாவது பொறுத்துப் பார்க்க வேண்டும். பத்தே நாளில் 'கேட்கவில்லை' என்று டாக்டரை மாற்றுவதால்தான் பலர் வருடக்கணக்கில் அலைகிறார்கள்.

மருந்தைவிடப் பெரிய வேலையை உங்கள் அன்றாடம் செய்யும். மைக்ரேன் மூளைக்கு மாற்றம் பிடிக்காது. தூக்கம் குறைந்தாலும் கூடினாலும் ஆகாது, சாப்பாடு தள்ளிப்போனால் ஆகாது. நீங்கள் ஆசிரியை. விடைத்தாள் திருத்தும் மாதங்களில் இரவு எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள்? வேலையெல்லாம் முடிந்து அப்பாடா என்று உட்காரும் ஞாயிற்றுக்கிழமைதான் பலருக்குத் தாக்குதல் வரும். அன்றைக்கு என்ன சாப்பிட்டோம் என்று யோசிப்பார்கள், ஆனால் காரணம் அந்த வாரம் முழுக்கச் சேர்ந்த தூக்கக் கடன். ஞாயிற்றுக்கிழமையும் அதே நேரத்துக்கு எழுந்துவிடுங்கள். காலையில் எல்லோருக்கும் டிபன் கட்டிக் கொடுத்துவிட்டு, தான் சாப்பிடாமல் பள்ளிக்கு ஓடும் வழக்கம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். விரதம் இருப்பவர் என்றால் முழுப் பட்டினி வேண்டாம், பழமோ பாலோ எடுத்துக்கொள்ளுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது. காபி ஒரு நாளைக்கு இரண்டோடு நிற்கட்டும். ஒரேயடியாக நிறுத்தினால் அதற்கே தலை வலிக்கும்.

தலைக்குக் குளிப்பதையும் கவனியுங்கள். இந்திய நோயாளிகளுக்குத் தலைக்குக் குளிப்பது மைக்ரேனைத் தூண்டுவதை 94 பேரை வைத்து ஒரு மருத்துவர் 2006இல் மருத்துவ இதழில் எழுதினார். வெளிநாட்டுப் புத்தகங்களில் இல்லாத, நம் வீடுகளில் காலம் காலமாகச் சொல்லிவரும் விஷயம் இது. உங்களுக்கு அப்படி இருந்தால் குளித்ததும் உடனே தலையைத் துவட்டி உலர்த்துங்கள், ஈரத்தலையில் கொண்டை போட வேண்டாம். வெயில், ஊதுபத்திப் புகை, சில பூக்களின் வாசனை என்று ஒவ்வொருவருக்கும் ஒன்று இருக்கும். யாரோ சொன்னார்கள் என்று பத்து உணவை விலக்காதீர்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் மூன்று மாதம் எழுதுங்கள். தேதி, எவ்வளவு நேரம் சுற்றியது, வெளிச்சமும் சத்தமும் தாங்கினவா, தலை வலித்ததா, மாதவிலக்கு நாள், முந்தின இரவுத் தூக்கம், போட்ட மாத்திரை. இவ்வளவு போதும். தேர்வு வைத்துத் திருத்துபவர் நீங்கள், உங்களுக்கு இது வரும்.

உங்கள் வீட்டுக்காரருக்கு ஒரு வார்த்தை. ஐயா, இது மனசு இல்லை. ஆனால் மனசைத் தொடும் நோய் இது. சமநிலை மையங்களும் பயத்துக்கான பாதைகளும் மூளைக்குள் இணைந்திருக்கின்றன. நிற்கும் தரை எந்த நேரத்தில் ஆடும் என்று தெரியாமல் மூன்று வருடம் வாழ்ந்தவருக்குப் பதற்றம் வராமல் இருந்தால்தான் அதிசயம். பயத்தினால் தலைசுற்றல் வந்துவிடவில்லை, தலைசுற்றல்தான் பயத்தைக் கொண்டுவந்தது. தாக்குதல் வரும் நாளில் டிவி சத்தத்தைக் குறைத்து, அடுப்படியை நீங்கள் பார்த்துக்கொண்டால் பாதி வைத்தியம் ஆகும். அம்மா, உங்களுக்கும் ஒன்று. தாக்குதல் இல்லாத நாட்களில் விழுந்துவிடுவோமோ என்று தலையை அசைக்காமல் நடக்காதீர்கள். அது மூளையை மேலும் மிரள வைக்கும். இடைப்பட்ட நாட்களிலும் தள்ளாட்டமாக இருந்தால், கண்ணையும் தலையையும் படிப்படியாக அசைத்துப் பழக்கும் பயிற்சிகளைப் பிசியோதெரபிஸ்டிடம் கற்றுக்கொள்ளுங்கள். அப்புறம், சுற்றுகிற நாளில் ஸ்கூட்டி ஓட்டுவதும் ஸ்டூலில் ஏறுவதும் வேண்டாம்.

இது மைக்ரேன் என்று தெரிந்துவிட்டதாலேயே இனி வரும் எல்லாத் தலைசுற்றலையும் இதில் சேர்த்துவிடக் கூடாது. திடீரென்று சுற்றும்போது பேச்சுக் குழறினால், ஒன்று இரண்டாகத் தெரிந்தால், ஒரு பக்கம் மரத்தாலோ வலுவிழந்தாலோ, விழுங்க முடியாமல் போனால், பிடிமானம் இல்லாமல் உட்காரக்கூட முடியாவிட்டால், இதுவரை வராத கடுமையான தலைவலி சட்டென்று வந்தால், இருட்டு அறையில் படுக்காதீர்கள். 108ஐ அழையுங்கள். அது பக்கவாதமாக இருக்கலாம். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனாலும் தள்ளிப்போடாமல் காது மருத்துவரிடம் போங்கள், சில நாட்களுக்குள் மருந்து தொடங்கினால்தான் பலன்.

மகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மைக்ரேன் குடும்பங்களில் ஓடும் நோய், அம்மாவுக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு மற்ற பிள்ளைகளைவிட அதிகம்தான். மைக்ரேன் உள்ளவர்களுக்குப் பயணத்தில் வாந்தி வருவதும் அதிகம். உங்களுக்கும் சின்ன வயதில் பஸ்ஸில் வாந்தி வந்ததா என்று யோசித்துப் பாருங்கள், வந்திருக்கும் என்றே நினைக்கிறேன். ஆனால் பஸ்ஸில் வாந்தி எடுக்கும் எல்லாப் பிள்ளைக்கும் மைக்ரேன் வருவதில்லை, மைக்ரேன் வரும் எல்லோருக்கும் தலைசுற்றல் வருவதும் இல்லை. இப்போது அவளுக்கு எந்தப் பரிசோதனையும் வேண்டாம். பரீட்சை நாட்களில் நேரத்துக்குத் தூங்கட்டும். எப்போதாவது தலைவலி என்று வந்து படுத்தால் 'படிக்கச் சோம்பல்' என்று சொல்லிவிடாமல் கேளுங்கள். குற்றாலத்துக்கோ மலைப்பாதையிலோ போகும்போது பஸ்ஸில் முன்பக்க இருக்கையில், ஓடுகிற சாலையைப் பார்த்தபடி உட்கார வையுங்கள். செல்போனைப் பைக்குள் வைத்துவிடச் சொல்லுங்கள். கிளம்பும் முன் இரண்டு இட்லியாவது சாப்பிடட்டும், வெறும் வயிற்றோடு கூட்டிப்போக வேண்டாம்.